ஆறு ஆட்டங்களின் சான்று

1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி, உலகச் சதுரங்க சாம்பியன் காரி காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. மனித அறிவை இயந்திரம் விஞ்சிய நாளாக அது நினைவில் நிலைத்துவிட்டது. ஆயினும் ஒரு போட்டியில் வெல்வது வேறு. ஆட்ட வலிமையில் மேம்பட்டிருப்பது வேறு. முன்னதற்கு ஆறு ஆட்டங்கள் போதும். பின்னதற்குப் போதுமா?

ஆறனுள் மூன்று ஆட்டங்கள் சமனில் முடிந்தன. எஞ்சிய மூன்றில் முதல் ஆட்டத்தைக் காஸ்பரோவ் வென்றார். இரண்டாவதையும் ஆறாவதையும் டீப் புளூ வென்றது. இரு தரப்பும் சம வலிமை உடையவை என்றே கொண்டாலும், வெற்றி தோல்வி கண்ட மூன்று ஆட்டங்களில் குறிப்பிட்ட ஒரு தரப்பு இரண்டையேனும் வெல்வதற்கான நிகழ்தகவு சரிபாதி. நாணயம் சுண்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மேலும், இரண்டாம் ஆட்டத்தில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலையில் சமன் காணும் வழி இருந்ததெனப் பின்னர் சுட்டப்பட்டது. முந்தைய ஆண்டு பிலடெல்பியாவில் டீப் புளூவின் முன்வடிவத்தை அவர் 4–2 என வென்றிருந்தார். அவர் கோரிய மறுபோட்டிக்கு ஐபிஎம் இணங்கவில்லை. சான்று அந்த ஆறு ஆட்டங்களோடு நின்றுபோனது.

எவ்வளவு சான்று போதும் என்பதை அளக்கும் கருவி அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே உருவாகியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட், போர்த் தளவாடங்களின் தரச் சோதனைக்கு உதவும் தொடர்முறைச் சோதனையை வகுத்தார். மாதிரிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுக்காமல், ஒவ்வொரு முடிவையும் சேர்த்து எடைபோட்டு, சான்று போதுமான அளவை எட்டியதும் நிறுத்துவதே அதன் நெறி. 1950 டிசம்பரில், இந்தியாவில் விரிவுரைப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, நீலகிரியில் நேர்ந்த விமான விபத்தில் வால்ட் உயிரிழந்தார்.

அவர் வகுத்த நெறியே இன்று ஸ்டாக்ஃபிஷ் என்னும் சதுரங்க நிரலின் திருத்தங்களைச் சோதிக்கிறது. பழைய வடிவமும் புதிய வடிவமும் ஆயிரக்கணக்கிலும் பல்லாயிரக்கணக்கிலும் ஆடிய பின்னரே ஒரு திருத்தம் ஏற்கப்படுகிறது. பிழை வரம்பைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு ஆட்டங்கள் தேவை. வலிமை வேறுபாடு சிறியதாகும்தோறும் தேவையான எண்ணிக்கை பெருகுகிறது.

பின்னாளில் சதுரங்க நிரல்கள் மனிதரை ஐயத்திற்கு இடமின்றி விஞ்சின. அதனால் 1997இன் தீர்ப்பு சரியானதுபோல் தோன்றலாம். ஆனால் பின்னர் வந்த வளர்ச்சி, அன்றைய சான்றைப் போதுமானதாக ஆக்கிவிடாது. செயற்கை நுண்ணறிவு அமைப்புகளைச் சில சோதனைகளைக் கொண்டே தரவரிசைப்படுத்தும் இக்காலத்திலும் இவ்வேறுபாடு பொருந்தும். வென்றது எது என்பதுடன், எத்தனை ஆட்டங்களில், எவ்வளவு பிழை வரம்பில் என்பதையும் சேர்த்து உரைப்பதே ஆய்வு நேர்மை.