கீறலும் பூச்சும்

மார்கழி மாதத்துக் காலைப்பொழுது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நானும் என் தம்பி மகனும் நின்றுகொண்டிருந்தோம். நீரில் பாதி மூழ்கி நின்ற மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரைகள் சுள்ளிகளைக் கொண்டுவந்து கூடு கட்டுவதில் ஈடுபட்டிருந்தன. தலைக்கு மேலே பறந்து சென்ற பறவையொன்று தன் எச்சத்தை எங்கள் தொலைநோக்கியின் கண்ணாடி மீதே இட்டுச் சென்றது. பையன் சட்டென்று தன் சட்டையின் ஓரத்தை இழுத்து அதைத் தேய்க்கப் போனான். நான் அவன் கையைப் பற்றிக்கொண்டேன்.

“அழுக்கைத் துடைக்க வேண்டாமா, பெரியப்பா?” என்றான்.

“துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது” என்றேன்.

இந்த எச்சத்தை வேடந்தாங்கல் மக்கள் செல்வமாகக் கருதுகிறவர்கள். அது கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம். பறவைகளைச் சுட்டு வேட்டையாடியவர்களைத் தடுக்கவேண்டுமென்று ஊரார் முறையிட, அந்நாளைய கலெக்டர் லயனல் பிளேஸ் 1798ஆம் ஆண்டில் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார் என்பது இவ்வூரின் வரலாறு. வயலுக்கு உரமாவது கண்ணாடிக்கு நஞ்சாகிறது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் பூச்சை அரிக்கும். அதிலுள்ள மண்துகளும் எலும்புத் துகளும், காய்ந்தபின் தேய்த்தால் உப்புத்தாள் போலக் கீறிவிடும்.

பையனின் கைப்பேசியிலும் ஒரு கீறல் விழுந்திருந்தது. முதல்நாள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் உட்கார்ந்து எழுந்தபோது மணல் அவனுடைய பைக்குள் புகுந்துவிட்டது. அன்றிரவே அவன் கைப்பேசியின் முகத்தில் பற்பசையைத் தடவி அரைமணி நேரம் தேய்த்திருக்கிறான். கீறல் இருந்தபடியே இருந்தது. யாரோ சொன்ன கைவைத்தியமாம். அந்த வைத்தியம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அது வேறொரு பொருளுக்கு, வேறொரு காலத்தில் பலித்த வைத்தியம். வீட்டுக் கருவிகளின் மேனி எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளுக்கேற்ற கைவைத்தியம் ஒன்று ஒவ்வொரு காலத்திலும் இருந்து வந்திருக்கிறது. மேனி மாறியபின்னும் மக்கள் பழைய வைத்தியத்தை விடுவதில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

என் தந்தையார் வைத்திருந்த வால்வு வானொலிப் பெட்டி மரத்தால் ஆனது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வானொலி கேட்ட காலம் அது. பெட்டியின் மேற்புறத்தில் யாரோ வெந்நீர்ச் செம்பை வைத்துவிட, வெள்ளை வளையமொன்று விழுந்துவிட்டது. தந்தையார் தச்சரை அழைத்தார். அவர் பழைய பூச்சைச் சுரண்டவில்லை. துணிப்பொட்டலத்தில் சிறிது ஸ்பிரிட்டைத் தொட்டு, கை நிற்காதபடி வட்டம் வட்டமாக வருடினார். வளையம் கண்ணெதிரே மறைந்தது. சிறுவனான எனக்கு அது மாயவித்தையாகவே தோன்றியது.

மாயம் அரக்கில் இருந்தது. அக்காலத்து மரச்சாமான்களுக்கும் வானொலிப் பெட்டிகளுக்கும் பூசிய பாலிஷ், அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைத் தூய்மை செய்து சாராயத்தில் கரைத்தது. சாராயம் ஆவியாகிப் போனாலும் அரக்கு தன் இயல்பை இழப்பதில்லை. மறுபடியும் சாராயம் பட்டால் மறுபடியும் கரையும். ஆகையால் பழைய பூச்சும் புதிய பூச்சும் ஒன்றோடொன்று கலந்து ஓருடலாகிவிடும். அன்றைய இசைத்தட்டுகளும் அரக்குக் கலந்தவையே. இந்தப் பொருளை உலகுக்கு அளித்ததில் நம் நாட்டுக்கே முதலிடம். இதை ஆராய்வதற்கென்று ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னும் ஊரில் 1924ஆம் ஆண்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. காயத்தை ஆற்றிக்கொள்ளும் மேனி என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் நான் அரக்குப் பூச்சையே சொல்வேன். அதன் பிறகு வந்த எந்தப் பூச்சுக்கும் அந்தப் பெருந்தன்மை இல்லை.

அடுத்து வந்தது பேக்கலைட். லியோ பேக்லண்ட் என்னும் வேதியியலறிஞர் 1907இல் அதற்குக் காப்புரிமை கோரினார். ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் பின்னர் உருகவும் மாட்டாது, கரையவும் மாட்டாது. மின்சாரத்தைத் தடுக்கும், அச்சில் வார்க்கலாம். தொலைபேசிக்கும் வானொலிக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? நம் நாட்டில் 1948இல் பெங்களூரில் தொலைபேசித் தொழிற்சாலை தொடங்கப்பெற்ற பிறகு, அந்தக் கனத்த கறுப்புத் தொலைபேசி அலுவலக மேசைகளுக்கு அடையாளமாகவே ஆயிற்று. அந்தக் கருவி அரசுத் துறையின் உடைமை. அதைத் திறக்கச் சந்தாதாரருக்கு உரிமையில்லை. வெளியே துடைத்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

பேக்கலைட்டின் குறை கீறலன்று, மங்கல். அதனுள் மரத்தூள் கலந்திருக்கும். மேலே பிசின் மட்டும் மெல்லிய தோலாக நின்று பளபளக்கும். ஆண்டுக்கணக்காக வெயில் பட்டால் அந்தத் தோல் தேய்ந்து உள்ளிருக்கும் தூள் வெளிப்படும். பித்தளைக்குப் போடும் பாலிஷை இட்டுத் தேய்த்தால் பளபளப்பு மீளும். மீண்டதைக் கண்ட மகிழ்ச்சியில் மேலும் மேலும் தேய்ப்பவர்கள் உண்டு. அவர்கள் எஞ்சியிருந்த தோலையும் போக்கிவிடுவார்கள். அதன்பின் எந்தப் பாலிஷும் பலிக்காது. ஸ்பிரிட் அங்கே ஒன்றும் செய்யாது. அரக்குக் காலத்து மருந்து அங்கேயே பயனற்றுப் போயிற்று.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் வானொலி கடைக்கு வந்தது. அதன்பின் கருவிகள் பையில் அடங்கின. மேனி பிளாஸ்டிக் ஆயிற்று. இது மென்மையான பொருள். எளிதில் கீறும்; எளிதில் மெருகும் ஏறும். பற்பசை பிறந்த கதை இதுதான். பற்பசையில் உள்ள சுண்ணத் துகள்கள் பிளாஸ்டிக்கைச் சற்றே இழைத்து மட்டப்படுத்தும் வலிமை உடையவை. வானொலியின் அலைவரிசை காட்டும் தகட்டிலும், கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக் கண்ணாடியிலும் பற்பசையைத் தேய்த்துக் கீறலைப் போக்கியவர்கள் பொய் சொல்லவில்லை.

பிளாஸ்டிக்கில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் மீது மைக்கறை பட்டது. தச்சரின் ஸ்பிரிட் நினைவுக்கு வந்தது. அது கையில் இல்லை. பெயின்டருடைய தின்னர் இருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று தொட்டுத் தேய்த்தேன். கறை போயிற்று, கூடவே மேற்பரப்பும் இளகிற்று. என் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்து, அந்தப் பெட்டி இருந்த நாள்வரை அழியாதிருந்தது. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் செய்தி கேட்கும்போது அந்த ரேகையை ஒருமுறை பார்ப்பார்.

இனித் தொலைநோக்கிக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டென்னிஸ் டெய்லர் என்னும் ஆங்கிலேயர் வில்லைகள் செய்யும் தொழிலில் இருந்தார். நாள்பட்டுக் கறை படிந்து நிறம் மாறிய வில்லைகளை அவர் சோதித்தார். கெட்டுப்போனவை என்று ஒதுக்கப்பட்ட அந்த வில்லைகள், புத்தம் புதிய வில்லைகளைவிட ஒளியை மிகுதியாக உள்ளே விடுவதைக் கண்டார். கறையே மெல்லிய படலமாக அமைந்து, கண்ணாடி ஒளியைத் திருப்பியனுப்பாதபடி தடுத்திருந்தது. பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு ஒளியைத் திருப்பிவிடும். தொலைநோக்கியில் இத்தகைய முகங்கள் பத்து இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சுமகுலா, வெற்றிடத்தில் வில்லைமீது மெல்லிய படலத்தைப் படியவைக்கும் முறையைக் கண்டார். இன்றைய தொலைநோக்கியைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாகத் தோன்றும் மினுமினுப்பு அந்தப் படலமே.

அந்த மினுமினுப்பை எண்ணெய்க் கறை என்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துப் பூச்சையே போக்கியவர்களை நான் அறிவேன். அவர்களைக் கண்டு நகைக்க எனக்கு வாய் வராது. டெய்லருக்கு முன் பல வில்லைத் தொழிலாளர்கள் கறை படிந்தவற்றை மெருகிட்டுப் ‘புதுப்பித்து’த்தான் வந்திருப்பார்கள்.

கண்ணுக்குக் குறையாகத் தோன்றுவது குறையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அவ்வாறே, அழகுக்காகச் செய்வதாகத் தோன்றுவதும் அழகுக்கு மட்டும் ஆனதன்று. நம் தெருக்களில் ஈயம் பூசுவோர் குரல் கேட்ட நாட்களை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பித்தளைப் பாத்திரத்தைத் தணலில் காட்டி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் உட்புறம் வெள்ளிபோல ஒளிரும். அந்த ஒளிக்காகவா பூசினார்கள்? புளியும் செம்பும் சேர்ந்து உணவு கெடாதிருக்கப் பூசினார்கள்.

கைப்பேசியின் கதை இவ்வட்டாரத்துக்கு அயலான கதையன்று. 1998இல் நோக்கியா நிறுவனம் 5110 என்ற கைப்பேசியை வெளியிட்டது. அதன் முகப்பு உறையை உரியவரே கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். கீறினாலும் வண்ணம் மங்கினாலும் கடையில் ஒரு ‘பேனல்’ வாங்கி மாட்டினால் கைப்பேசி புதிதாகிவிடும். அதே நிறுவனம் 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் பெருந்தொழிற்சாலையைத் தொடங்கியது. அப்போது ஸ்ரீபெரும்புதூரும் வேடந்தாங்கலும் காஞ்சிபுரம் என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019இல். பேருந்துகளில் சாரிசாரியாகச் சென்று ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே கைப்பேசிகளை இணைத்தார்கள். 2014 நவம்பரில் தொழிற்சாலை நின்றுபோயிற்று.

இடையே 2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வந்தது. முதலில் பிளாஸ்டிக் முகத்தோடு காட்டப்பெற்ற அது, கடைக்கு வருமுன் கண்ணாடி முகத்துக்கு மாறியது. இந்தக் கண்ணாடியை ஏறத்தாழ 400 பாகை வெப்பமுள்ள பொட்டாசியம் உப்புக் குழம்பில் முழுக்கி எடுக்கிறார்கள். கண்ணாடியிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, பெரிய பொட்டாசியம் அயனிகள் அவ்விடத்தில் நெருக்கியடித்துப் புகுகின்றன. நெருக்கம் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கிறது; விரிசல் பரவாது காக்கிறது. அந்த இறுகிய அடுக்கின் கனம் தலைமயிரின் கனத்தளவுகூட இருப்பது அரிது. அதற்கும் மேலே கைரேகை ஒட்டாதிருக்க, அதைவிடப் பன்மடங்கு மெல்லிய பூச்சு ஒன்று உண்டு.

இந்த மேனியில் பற்பசை என்ன செய்யும்? கண்ணாடியைவிடச் சுண்ணம் மென்மையானது. கீறலைத் தொடவும் இயலாது. மேலிருக்கும் பூச்சை மட்டும் தேய்த்துவிடும். பிறகு திரையில் கைரேகை முன்னிலும் அதிகமாக ஒட்டும். கண்ணாடியை இழைக்க வல்லது சீரியம் ஆக்சைடு. அதை வாங்கி வந்து தேய்ப்போரும் உளர். நகத்தில் தட்டும் அளவு ஆழமான கீறலை அகற்ற வேண்டுமானால் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் அந்த ஆழத்துக்கு இழைக்கவேண்டும். அப்போது இறுகிய அடுக்கும் தேய்ந்துவிடும். கீறல் போகும், அடுத்த முறை கீழே விழும்போது கண்ணாடியும் போகும். மாமல்லபுரத்து மணலோ குவார்ட்சு என்னும் படிகம், கண்ணாடியைவிடக் கடினமானது. கீறல் விழுந்தது வியப்பன்று. கடைகளில் ஒட்டித்தரும் ‘டெம்பர்டு கிளாஸ்’, தான் கீறல்பட்டுக் கழற்றி எறியப்படுவதற்கென்றே பிறந்தது. முன்பு ‘பேனல்’ செய்த பணியை இன்று அது செய்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்தவன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. ஆயினும் நானே ஏமாந்தேன். என் கைப்பேசியின் பின்மூடி ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி தோன்றிற்று. பசை விட்டுவிட்டது என்று கருதி உடனே ஒட்டும் பசையை இரண்டு சொட்டு விட்டேன். அகராதி ஒன்றை அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு உறங்கினேன். காலையில் பசை காய்ந்த இடத்தைச் சுற்றி வெண்ணிறப் புகை படிந்திருந்தது. அந்தப் பசையின் ஆவி அவ்வாறு படிவது வழக்கம். அந்தக் கறையைப் போக்குவதிலேயே என் கவலை முழுதும் இருந்தது. இடைவெளி மறுபடி திறந்திருந்ததை நான் பெரிதாக எண்ணவில்லை.

மதுராந்தகத்தில் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் அதைக் கையில் வாங்கியதும் முகம் மாறினார். விசையை நிறுத்தி, மெல்லிய தகட்டால் பொறுமையாக மூடியைப் பிரித்தார். உள்ளே பாட்டரி சிறு தலையணைபோல உப்பியிருந்தது.

“இதன்மேல் பாரம் வைத்தீர்களா, ஐயா?” என்று கேட்டார்.

“ஓர் அகராதி வைத்தேன்.”

“எவ்வளவு பெரிய அகராதி?”

நான் விடை சொல்லவில்லை. லித்தியம் பாட்டரி பழுதாகும்போது உள்ளே வாயு சேர்ந்து உப்பும். உப்பியதை அழுத்தினாலோ குத்தினாலோ உள்ளிருக்கும் இரு தகடுகளும் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பற்றக்கூடும். 2016இல் பாட்டரிப் பழுதால் தீப்பற்றியமையால் சாம்சங் நிறுவனம் நோட் 7 என்ற தன் கைப்பேசி வகை முழுவதையும் திரும்பப் பெற்றதை நாளேடுகளில் படித்தவன்தான் நான். அந்தச் செய்தியையும் என் தலைமாட்டில் இருந்த இடைவெளியையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அழகுக் குறை என்று பெயரிட்டுவிட்டால் அதற்குமேல் சிந்திக்க மனம் ஒப்புவதில்லை போலும். அந்த இளைஞர் பாட்டரியைத் துளையிடாமல் எடுத்து, மணல் நிரம்பிய தகரப் பெட்டியொன்றில் தனியே வைத்தார்.

ஏரிக்கரையில் பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் எச்சம் காயத் தொடங்கியிருந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கல்லில் உப்பு ஏறியபோது தொல்லியல் துறையினர் அதைச் சுரண்டவில்லை. நனைத்த காகிதக்கூழைக் கல்லின்மேல் அப்பி வைத்தார்கள். கூழ் உலர உலர உப்பு கல்லைவிட்டுக் கூழுக்கு ஏறிற்று. அதையே நாங்களும் செய்தோம். முதலில் தொலைநோக்கியைக் கவிழ்த்து ஊதித் துகளை உதிர்த்தோம். மெல்லிய காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியின்மேல் படியவைத்துக் காத்திருந்தோம். எச்சம் ஊறிக் காகிதத்தோடு வந்தது. இரண்டாம் முறை வைத்த காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

பையன் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தான். ஊதா மினுமினுப்பு அப்படியே இருந்தது. கீறல் விழுந்த கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தான். தன் நீளத்தைவிட நீண்ட சுள்ளியொன்றை அலகில் கவ்விக்கொண்டு ஒரு நாரை மரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.