ஜித்தாவின் தாகம்

ஹஜ்ஜுக்குக் கப்பலேறிய நம் முன்னோர் மக்காவின் வாயிலாக அறிந்திருந்த துறைமுகம், செங்கடற்கரையில் உள்ள ஜித்தா. ஹிஜ்ரி 26-இல் (கி.பி. 647) கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள் அதனை மக்காவின் துறைமுகமாக்கினார்கள். மதீனாவில் நீர் விலைக்கு விற்கப்பட்ட ரூமாக் கிணற்றை வாங்கி மக்களுக்கு அறமாக விட்டவரும் அவர்களே. ஆனால், அவர்கள் தேர்ந்த துறைமுகத்திற்கு நன்னீர் வாய்க்கவில்லை. ஆறில்லை, மழையோ ஆண்டில் ஒருசில நாள் மட்டுமே, கரையோரக் கிணறுகள் உவர்ப்பு.

1183-இல் அங்குச் சென்ற இப்னு ஜுபைர், பாறையைக் குடைந்து அமைத்த பழந்தொட்டிகள் எண்ணற்றவை இருப்பதைக் கண்டு வியந்தார். மழைநீரைச் சேமிக்கும் இத்தொட்டிகளே பல நூற்றாண்டுகள் ஊரைக் காத்தன. எனினும், 1814-இல் அங்குத் தங்கிய பயணி புர்க்கார்ட், வீடுதோறும் தொட்டி இருந்தும் அவற்றை நிரப்ப மழை போதவில்லை என்று எழுதினார். பெருந்தொட்டிகள் செல்வர்கள் வசம் இருந்தன. ஹஜ் காலத்தில் ஊர் நிரம்பும்போது நீரின் விலை ஏறும். ஆக, ஊரின் வறட்சி சிலருக்கு வருவாயாகவும் இருந்தது. இதனை மறந்துவிட்டு ஜித்தாவின் நீர் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

1853-இல் வணிகர் பரஜ் யுஸ்ர் முயற்சியால் ஊருக்கு வெளியிலிருந்து கால்வாய் வழியாக நீர் வந்தது. சில காலத்திற்குப் பின் அது பாழ்பட்டது. 1880-களில் ஹிஜாஸ் ஆளுநர் உஸ்மான் நூரி பாஷா காலத்தில் மீண்டும் நீர் கொணரப்பட்டது; அதுவும் நிலைக்கவில்லை. வெட்டுவதற்குப் பொருள் திரட்டியவர்கள், தூர் வாரவும் வெடிப்பை அடைக்கவும் ஆண்டுதோறும் பொருள் வரும் வழியை உறுதிசெய்யவில்லை என்பதே முதற் காரணம் எனக் கருதுகிறோம். குழாய்நீர் தடையின்றி ஓடினால் தொட்டி உரிமையாளர்களுக்கு இழப்பு என்பதும் வெளிப்படை.

இதற்கிடையில் 1865-இல் ஹாஜிகளிடையே பரவிய காலரா கடல் கடந்து ஐரோப்பா வரை சென்றது. ஹிஜாஸின் குடிநீர் உலக அரசுகளின் கவலையாயிற்று. 1907-இல் உஸ்மானிய அரசு கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரமொன்றை ஜித்தாவில் நிறுவியது. ‘கண்டன்சர்’ என்னும் ஐரோப்பியச் சொல் அரபியர் நாவில் ‘கிந்தாஸா’ ஆயிற்று. நீரற்ற ஊர், நீருக்காகக் கடல் கடந்து வரும் நிலக்கரியை எதிர்பார்த்து நின்றது! கொதிகலன் பழுதுற்றால் மக்கள் மீண்டும் தொட்டிகளை நாட வேண்டியதாயிற்று. 1928-இல் மன்னர் அப்துல் அஸீஸ் புதிய கருவிகள் இரண்டை வரவழைத்தார்.

நம் கவனத்திற்கு உரியது, 1947-இல் அம்மன்னர் நிறைவேற்றிய ஐனுல் அஸீஸிய்யாத் திட்டம். மக்காவுக்கு வடக்கே உள்ள வாதி பாத்திமாவின் ஊற்றுகளிலிருந்து குழாய்வழியே நன்னீர் ஜித்தாவை அடைந்தது. (மக்கா வெற்றியின்போது நபி ﷺ அவர்கள் பாசறை அமைத்த மர்ருழ் ழஹ்ரான் இப்பள்ளத்தாக்கே.) மன்னர் அதனை வக்ஃபாக ஆக்கினார். நீரின் வரவோடு அதன் பராமரிப்புக்கும் ஏற்பாடு அமைந்தது. முந்தைய கால்வாய்களுக்கு இல்லாதிருந்தது இதுவே. ஆனால், எண்ணெய் வளத்தால் ஊர் பெருகிய வேகத்திற்கு ஊற்றுகள் ஈடுகொடுக்கவில்லை. பாசனத்திற்குரிய நீர் குறைந்ததால் பள்ளத்தாக்கின் தோட்டங்களும் வாடின.

1970-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் காலன் நன்னீர் தரும் ஆலை ஜித்தாவில் இயங்கத் தொடங்கியது. அதன்பின் தெற்கே ஷுஐபாவில் எழுந்த பேராலைகள் மக்காவுக்கும் நீர் வழங்கின. தாகம் தீர்ந்தது. வந்த நீர் பயன்பட்டபின் எங்கே போகும் என்பதை எவரும் போதிய அளவு எண்ணவில்லை. நகரின் பெரும்பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய்கள் இல்லாததால் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்தது; வீட்டுக் குழிகளில் சேர்ந்த கழிவைச் சரக்குந்துகள் அள்ளிச் சென்று நகருக்குக் கிழக்கே கொட்டின. அவ்வாறு உருவான ஏரியை மக்கள் ‘கஸ்தூரி ஏரி’ என்று எள்ளலாக அழைத்தனர்.

பண்டை ஹாஜிகள் பயணத்திற்கு நீர் நிரப்பிக்கொண்டதால் ‘தர்வியா’ நாள் எனப்படும் துல்ஹஜ் 8, 2009-இல் நவம்பர் 25 அன்று வந்தது. அன்றுதான் ஜித்தாவில் பெருமழை கொட்டியது. வடிகாலற்ற தெருக்களிலும், வீடுகள் எழுந்துவிட்ட பள்ளத்தாக்குகளிலும் வெள்ளம் பாய, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கழிவேரியின் அணை உடைந்துவிடுமோ என்று நகரம் நாட்கணக்கில் அஞ்சிக்கொண்டிருந்தது. அதன்பின்னரே அவ்வேரியை வற்றச் செய்யும் பணி முடுக்கிவிடப்பட்டது.