சிதம்பரத்துத் திண்ணையும் சேத்துப்பட்டுச் சீட்டும்



சென்ற மாதம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பிக்குக் காசநோய் என்று தெரியவந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள். மூன்று வாரமாக விடாத இருமல். சளி எடுத்துப் பார்த்துவிட்டு, “ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், வீட்டிலேயே இருக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவே என் மனைவி மெல்லப் பேச்சை எடுத்தாள். “வேற வீடு பார்த்துக்கச் சொல்லிடலாமாங்க? லீவுக்குப் பேரப்பிள்ளைங்க வருவாங்க.”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்லவும் இல்லை. என் நினைவில் ஓர் அலுமினியத் தட்டு வந்து நின்றது.

1962 கோடை விடுமுறை. எனக்குப் பதினோரு வயது. அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை, நான் அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை விட்டால் சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பூர்வீக வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த வருஷம் போனபோது பெரியப்பா திண்ணையில் இருந்தார். திண்ணையின் ஒரு பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்து, ஒரு கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். அவருக்கென்று தனி அலுமினியத் தட்டு, தனி டம்ளர், தனிச் சொம்பு. பெரியம்மா சாதத்தைக் கொண்டுவந்து எட்ட நின்றே வைப்பார். ஆயா என்னைப் பார்த்து, “சயரோகம்டா, அந்தப் பக்கம் போகாதே” என்றார்.

பெரியப்பா என்னை “பிரெஞ்சுக்காரரே” என்றுதான் கூப்பிடுவார். திண்ணையில் இருந்தபடியே வாய்ப்பாடு கேட்பார். நான் தெருவில் நின்று ஒப்பிப்பேன்.

ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருஷத்தில் அவருக்கு நோய் குணமாகிவிட்டது. எக்ஸ்ரேவும் சுத்தம் என்றார்கள். ஆனால் தட்டு மாறவில்லை. 1979-இல் வேறு காரணத்தால் அவர் காலமாகும் வரை அதே திண்ணை, அதே தட்டு. யாரும் அவரை உள்ளே வரக்கூடாது என்று சொன்னதாக நினைவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, அரசாங்க உத்தியோகம். நானும் சொல்லவில்லை.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன்.

ஒரு சிகிச்சை நோயாளியைப் பிழைக்க வைக்குமா, வைக்காதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வைத்தியரின் அனுபவத்தைக் கேட்பதுதான் பல நூற்றாண்டுகளாக நடந்து வந்த வழி. எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் முக்கியமான ஒருவர் பாரிஸ் நகரத்து டாக்டர் பியேர் லூயி. அந்தக் காலத்து பிரான்சில் எந்தக் காய்ச்சலுக்கும் ரத்தத்தை வெளியேற்றுவதுதான் சிகிச்சை. அதற்காக அட்டைப் பூச்சிகளைக் கோடிக்கணக்கில் இறக்குமதி செய்தார்கள். லூயி நுரையீரல் அழற்சி வந்த 77 நோயாளிகளின் குறிப்புகளை வரிசையாக வைத்துக் கணக்குப் போட்டார். முதல் நான்கு நாட்களுக்குள் ரத்தம் எடுக்கப்பட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தாமதமாக எடுக்கப்பட்டவர்களில் 25 சதவீதம். சீக்கிரம் எடுத்தால் பிழைப்பார்கள் என்று நம்பிய பெரிய டாக்டர்களுக்கு இந்தக் கணக்கு ரசிக்கவில்லை. 1835-இல் இதைப் புத்தகமாகவே போட்டார்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பாஸ்தரைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஒப்பித்தோம். லூயியின் பெயரை ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். ஆயுள் முழுக்கப் பதிவேடு எழுதிய குமாஸ்தாவுக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா?

ஆனால் லூயியின் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. யாருக்கு எப்போது ரத்தம் எடுப்பது என்று யாரோ ஒரு டாக்டர் தீர்மானித்திருக்கிறார். உடம்பு மோசமானவருக்கு முதலில் எடுத்திருக்கலாம். அப்படியானால் இரண்டு கூட்டமும் சமமல்லவே.

அந்த ஓட்டையை அடைத்தது ஒரு பழைய உபாயம், சீட்டுக் குலுக்கல். நமக்கு இது புதிதல்ல. உத்திரமேரூரில் குடவோலை போட்டுத்தான் சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றும் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று சாமி முன்னால் பூக்கட்டிப் பார்க்கிறோம். மனிதரின் விருப்பு வெறுப்பு அதில் நுழைய முடியாது என்பதுதான் அதன் பலம். 1948-இல் லண்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் இதைத்தான் செய்தார்கள். பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் நிபுணர் வகுத்த முறை. எந்த நோயாளிக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். அதற்குப் பிறகு வாதாட இடமில்லை.

அதே சீட்டு எட்டு வருஷத்தில் நம் மதராசுக்கு வந்து சேர்ந்தது.

அன்றைய நிலவரம் இது. காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் மருந்து மட்டும் போதாது, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும், அதற்கு சானடோரியத்தில்தான் சேர வேண்டும் என்பது உலகம் முழுவதும் டாக்டர்களின் உறுதியான கருத்து. நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். மற்றவர்கள் என்ன ஆவது?

1956-இல் மதராஸ் அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பிரிட்டனிலிருந்து வந்து அதை நடத்தினார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைச் சேர்த்தார்கள். சீட்டு விழுந்தபடி பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவரவர் வீட்டுக்கு. இரு பக்கமும் ஒரே மருந்து, ஐசோநயசிட்டும் பாஸும், ஒரு வருஷத்துக்கு. பாஸ் குமட்டலைக் கிளப்பும், வயிற்றைப் புரட்டும்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சுகளின் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு, உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலை. மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிப்பார்கள்.

யார் தேறுவார்கள் என்று அன்று எந்தப் பெரிய டாக்டரைக் கேட்டிருந்தாலும் சானடோரியம் என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் ஆயாவும் அதையேதான் சொல்லியிருப்பார்.

1959-இல் முடிவு வெளியானது. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். இவ்வளவு வசதிக் குறைவுக்கு நடுவில் இந்தச் சிறு வித்தியாசம்தான். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு அதிக எடை போட்டிருந்தார்கள். ஆனால் நோயை அடக்கியது சாப்பாடல்ல, விடாமல் போட்ட மருந்து. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததிலும், வீட்டில் இருந்தவர்கள் பின்தங்கிவிடவில்லை.

இன்னொரு கேள்வியும் இருந்தது. எனக்கு முக்கியமான கேள்வி அதுதான். நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தொற்றாதா? மையத்தார் இரு பக்கத்துக் குடும்பத்தாரையும் வருஷக் கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகமாக நோய் வரவில்லை. தொற்றவேண்டியது, நோய் இன்னதென்று தெரியும் முன்பே, மருந்து தொடங்குவதற்கு முந்தைய மாதங்களிலேயே பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மருந்து ஒழுங்காக உள்ளே போகத் தொடங்கினால் பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது.

இந்த முடிவு உலகத்தையே மாற்றியது. 1962-இல் தொடங்கிய நமது தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பித்தான் எழுந்தது. பணக்கார நாடுகளும் தங்கள் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடின. சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

வருஷத்தைக் கவனித்தீர்களா? பெரியப்பாவுக்குத் திண்ணையில் தட்டி கட்டியது 1962. அதற்கு மூன்று வருஷம் முன்பே, சிதம்பரத்திலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், விடை அச்சாகிவிட்டது. அது எங்கள் சந்துக்கு வந்து சேரவில்லை.

சீட்டு எப்போதும் இனிப்பான பதிலைச் சொல்லும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த இன்னொரு பாடம் பி.சி.ஜி. தடுப்பூசி. கால்மெத், கெரேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் லீல் நகரத்தில் பதின்மூன்று வருஷம், 230 தடவை கிருமியை மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் குறைத்து உண்டாக்கியது. கிண்டியில் 1948-லேயே இதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1955-இல் ராஜாஜி இதை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். யார் சொல்வது சரி?

1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கம், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வைத்து ஒரு மாபெரும் சோதனை தொடங்கியது. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது ஊசி போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. முதல் முடிவு 1979-இல் வந்தது, பதினைந்து வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை. பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோய் வராமல் அது காக்கிறது என்பதை வேறு ஆய்வுகள் காட்டியதால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். எனக்கும் கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. ஊசியை உண்டாக்கிய நாட்டின் மொழியில் படித்தவன் நான். முதலில் வாசித்தபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டது நல்லதுதானே.

இந்தச் சோதனைகளைப் பற்றிப் பேசும்போது டாக்டர்களின் பெயர்கள் நிற்கின்றன. சீட்டு விழுந்தபடி ஒரு வருஷம் பிள்ளைகளைப் பிரிந்து சானடோரியத்தில் கிடந்தவர்கள், குமட்டும் மருந்தை விழுங்கிக்கொண்டே வேலைக்குப் போனவர்கள், திடீரென்று கதவைத் தட்டி மாத்திரையை எண்ண வந்தவர்களைப் பொறுத்துக்கொண்ட வீட்டுப் பெண்கள், இவர்கள் பெயர் எந்த ஊரிலும் கல்லில் இல்லை. எல்லோரும் ஏழை ஜனங்கள். அவர்கள் கொடுத்த விடையில்தான் இன்று நாம் வாழ்கிறோம்.

இதையெல்லாம் மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னேன். சரித்திரத்தைவிடப் பெரியப்பாவின் தட்டுதான் அவள் மனதைத் தொட்டிருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அந்தத் தட்டில் அவளே சோறு வைத்திருக்கிறாள். “அப்பவே அவருக்கு நல்லாயிடுச்சா?” என்று கேட்டாள். “பல வருஷம் முன்னாலேயே” என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் பேசவில்லை.

மாடித் தம்பி இருக்கிறார். முதல் சில வாரம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயை மூடி இருமிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி நடந்துகொள்கிறார். பிள்ளைகளையும் பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று தினமும் மாடிப்படியில் நின்று கேட்பது என் வேலை. இடையில் ஒருநாள் உடம்பு தேறிவிட்டதென்று நிறுத்தப் பார்த்தார். ஆறு மாதமும் முடித்தே தீரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை என் மனைவி சாம்பாரைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். கழுவித் திரும்பி வந்த பாத்திரத்தை மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் அப்படி ஒரு தட்டு இருந்திருக்கலாம். நினைவிருந்தால் எழுதுங்கள்.