காற்றைக் கண்ணால் காண: பறப்பு சிமுலேட்டர்களில் காற்றோட்டக் கணிப்பு

விமானிக்கு மலை தெரியும், மேகம் தெரியும், ஓடுபாதை தெரியும். அவரைத் தாங்கி நிற்கும் காற்று மட்டும் தெரியாது. அந்தக் காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, படமாக்கி, தரையிலிருந்தே பறக்கப் பழகும் சிமுலேட்டருக்குள் கொண்டுவந்த முயற்சிக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட முன்கதை உண்டு.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென் ழூல் மாரே பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்தவர். 1899 முதல் சில ஆண்டுகள் பாரிசில் அவர் புகைப்பெட்டிகளை அமைத்தார. கண்ணாடிச் சுவருக்குப் பின்னே மெல்லிய புகை இழைகள் இணையாக இறங்கும். குறுக்கே ஒரு தட்டைச் சாய்த்து வைத்தால் அவை பிரிந்து, வளைந்து, தட்டுக்குப் பின்னால் சுழல்களாக உடையும். இதையே நான் வகுப்பில் ஓர் ஊதுபத்தியும் அட்டைத் துண்டும் வைத்துக் காட்டியதுண்டு. மின்விசிறியை நிறுத்த மறந்தால் பாடம் போயிற்று!

புகை ஓட்டத்தின் போக்கைக் காட்டும். அதன் அளவைச் சொல்லக் கணக்கு வேண்டும். பாய்மங்களின் ஓட்டத்துக்கான சமன்பாடுகளை நாவியேவும் ஸ்டோக்சும் 19ஆம் நூற்றாண்டிலேயே தந்துவிட்டனர். அவற்றுக்கு விடை காண்பதுதான் கடினமாக இருந்தது. வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே கணக்கிடலாம் என்றார் ஆங்கிலேயரான லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டும் பார்த்தார். விடை முற்றிலும் தவறாக வந்தது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. 64,000 பேர் ஒரே அரங்கில் அமர்ந்து கணக்கிடுவதாக 1922இல் வெளியான தம் நூலில் கற்பனை செய்தார். அந்த அரங்கின் வேலையைத்தான் பிற்காலத்தில் கணினி ஏற்றுக்கொண்டது. கட்டங்களாகப் பிரித்துக் காற்றையும் நீரையும் கணக்கிடும் இத்துறைக்குக் கணினிவழிப் பாய்ம இயக்கவியல் என்று பெயர்.

சிமுலேட்டரின் கதை வேறிடத்தில் தொடங்கியது. அமெரிக்காவின் எட்வின் லிங்க், தம் தந்தையின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளைக் கொண்டே 1929இல் தம் பயிற்சிக் கருவியை உருவாக்கினார். அதை அசைத்துச் சாய்த்தது காற்றுதான். ஆனால், விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றை அது கணக்கிடவில்லை.

இரண்டு கதைகளும் நெருங்கி வருவதற்கு விபத்துகளும் ஒரு காரணம். 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸ் நகரில் தரையிறங்க வந்த டெல்டா 191 விமானம் இடிமழைக்குள் சிக்கி விழுந்தது. 137 பேர் இறந்தனர். மேகத்திலிருந்து விரைந்து இறங்கி, தரையில் மோதி, நாற்புறமும் சிதறும் காற்றுதான் காரணம். இதை மைக்ரோபர்ஸ்ட் என்பர். முதலில் எதிர்க்காற்று விமானத்தைத் தூக்கும். விமானி நிம்மதி அடைவார். சில விநாடிகளில் அதுவே பின்காற்றாக மாற, விமானம் தாங்குவிசையை இழக்கும். இத்தகைய காற்றின் மாதிரிகள், விபத்துப் பதிவுகளிலிருந்தும் கணிப்புகளிலிருந்தும் உருவாக்கப்பட்டு, விமானிகளின் பயிற்சி சிமுலேட்டர்களில் சேர்ந்தன.

காற்றைப் படமாகக் காட்டும் வேலையும் உடன் வளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீவ் பிரைசனும் கிரியோன் லெவிட்டும் மெய்நிகர் காற்றுச் சுரங்கத்தை உருவாக்கினர். ஆய்வாளர் கண்முன் திரையைப் பொருத்தி, கையுறை அணிந்து, கணித்து வைத்த ஓட்டத்துக்குள் கையை நீட்டலாம். நீட்டிய இடத்திலிருந்து புகை இழை போன்ற கோடுகள் கிளம்பும். மாரேயின் பெட்டிக்குள்ளேயே நுழைந்தது போலத்தான்!

ஆய்வாளருக்கு இது விருந்து. இறங்கும் அவசரத்தில் இருக்கும் விமானிக்கு? சாகச விமானியும் கணினி அறிஞருமான செசிலியா அரகோன், மார்டி ஹெர்ஸ்டுடன் சேர்ந்து இதை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார். அனுபவமுள்ள ஹெலிகாப்டர் விமானிகள் சிமுலேட்டரில் ஆபத்தான காற்றுக்குள் இறங்கிப் பார்த்தனர். ஆபத்துள்ள இடத்தைத் திரையில் காட்டியபோது மோதல்கள் கணிசமாகக் குறைந்தன. உதவியது விரிவான சுழல் படமன்று, எளிய எச்சரிக்கைக் குறிதான். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கப்பலில் இறங்குவது இன்னும் கடினம். மேல்தளக் கட்டடங்களில் மோதிய காற்று, இறங்குதளத்தின் மேல் சுழன்றுகொண்டே இருக்கும். பிரிட்டனின் குவீன் எலிசபெத் விமானந்தாங்கிக் கப்பலுக்கு, லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் இக்காற்றைக் கணித்தனர். அக்கணிப்பு வார்ட்டனில் உள்ள எஃப்-35 சிமுலேட்டரில் பயன்பட்டது. 2018 செப்டம்பரில் உண்மை விமானம் அக்கப்பலில் முதன்முறையாக இறங்கியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய கணிப்புக்குப் பெருங்கணினிகளும் நாட்கணக்கில் எடுத்துக்கொள்ளும். சிமுலேட்டருக்கோ ஒவ்வொரு விநாடிக்குள்ளும் பலமுறை விடை தேவை. ஆகவே முன்கூட்டியே கணித்துச் சேமித்த காற்றை எடுத்துத் தருகிறார்கள். சேமித்த காற்று விமானத்தை அசைக்கும். விமானம் அந்தக் காற்றை அசைக்காது. உண்மையில் ஹெலிகாப்டரின் சுழலி தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கலக்கிக்கொண்டே இறங்குகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கணக்கிடும் முயற்சிகள் இப்போது நடந்து வருகின்றன.