வலி வருமுன் மருந்து: பாலியேட்டிவ் கேர் பிறந்த கதை

கடும் நோயில் கிடப்பவர்களின் வலியையும் துயரையும் தணிக்கும் சிகிச்சைக்கு 'பாலியேட்டிவ் கேர்' என்ற பெயர் கனடாவில் 1974-ல் வைக்கப்பட்டது. பெயருக்குரிய வேலையோ அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே லண்டனில் தொடங்கிவிட்டது.

டேவிட் டாஸ்மா, வார்சாவிலிருந்து வந்த போலந்து யூதர். நாற்பது வயதில் புற்றுநோய் முற்றி, லண்டன் மருத்துவமனையில் தனியாகக் கிடந்தார். அவரைக் கவனிக்க வந்த சமூகப் பணியாளர் சிசிலி சாண்டர்ஸ். போர்க்காலத்தில் நர்ஸாக இருந்து, முதுகு வலியால் அந்த வேலையை விட்டவர். சாகப்போகிறவருக்கு உண்மையில் என்ன தேவை என்று இருவரும் பேசினார்கள். 1948 பிப்ரவரியில் டாஸ்மா இறந்தபோது, சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு விட்டுச்சென்றார். சாகப்போகிறவர்களுக்காக நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இல்லம் எழ 19 ஆண்டுகள் ஆயின. நர்ஸ் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், மருத்துவம் படியுங்கள் என்று அறுவை மருத்துவர் ஒருவர் சொல்ல, சாண்டர்ஸ் 33 வயதில் மருத்துவ மாணவியானார். 1957-ல் மருத்துவப் பட்டம். அடுத்த ஆண்டே ஹாக்னியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வலி தாங்காமல் நோயாளி கதறிய பிறகே மார்பின் ஊசி போடுவது அன்றைய வழக்கம். அடிக்கடி கொடுத்தால் அடிமையாகிவிடுவார்கள் என்ற பயம். சாண்டர்ஸ் இதைத் தலைகீழாக்கினார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, முந்தைய மருந்தின் வேகம் அடங்குமுன்னே, அடுத்த வேளை மார்பினை வாய்வழியாகக் கொடுத்தார். வலிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றானதும் பயம் போயிற்று. பயம் போனதும் நோயாளிகள் தூங்கினார்கள், சாப்பிட்டார்கள், பிள்ளைகளோடு பேசினார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பெழுதி, பரிவை ஆதாரமுள்ள மருத்துவமாக மாற்றியதுதான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

குறிப்புகள் இன்னொன்றையும் காட்டின. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், நோயாளிகள் உடம்போடு நிறுத்தவில்லை. வீட்டுச் செலவு, கணவனின் தவிப்பு, சாவைப் பற்றிய கலக்கம் எல்லாம் சேர்ந்தே வந்தன. அத்தனையும் சேர்ந்ததே 'முழு வலி' என்றார் சாண்டர்ஸ். அதனால்தான் இந்தச் சிகிச்சையில் டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், மதகுரு எல்லோருக்கும் இடம் உண்டு.

1967-ல் தெற்கு லண்டனில் சாண்டர்ஸின் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறந்தது. டாஸ்மாவின் ஜன்னலும் அங்கே வைக்கப்பட்டது. அங்கே போய்க் கற்றுவந்த, கனடாவின் மான்ட்ரியல் நகர அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுன்ட், தன் மருத்துவமனையிலும் ஒரு வார்டு தொடங்க விரும்பினார். பெயரில்தான் சிக்கல். பிரெஞ்சு பேசும் அந்த ஊரில் 'ஹாஸ்பிஸ்' என்றால் கதியற்றவர்களைத் தள்ளும் இடம் என்று பொருள்பட்டது. போர்த்திக் காப்பது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த 'பாலியேட்டிவ்' என்ற சொல்லை மவுன்ட் எடுத்துக்கொண்டார். 1975-ல் வார்டு திறந்தது.

நம் நாட்டில் இது வேரூன்றியதில் கேரளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் ஒரு வலி நிவாரண மையம் தொடங்கினார்கள். மார்பின் கிடைப்பதே அவர்களுக்குப் போராட்டம். மார்பின் எடுக்கப்படும் அபினியைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாடு, 1985-ன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் தன் நோயாளிகளைத் துடிக்கவிட்டது கொடுமை. 2014-ல்தான் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. புற்றுநோயோடு படுத்திருப்பவர் வீட்டில் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் கேட்டுப் பெறலாம்.