தொட்டது ஒன்று, பட்டது ஒன்று: சின்னத் தொடுதிரையின் பழைய கதை

போன வருடம் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு ஒரு சின்னப் பெட்டி செய்தேன். 2.8 அங்குலத் தொடுதிரை, பின்னால் ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ஒரு ரிலே. அவ்வளவுதான். திரையின் மேல்பாதியில் ‘ஓடு’, கீழ்ப்பாதியில் ‘நிறுத்து’, நடுவில் ஒரு பட்டையாகத் தொட்டியின் நீர்மட்டம். அம்மாவுக்காகத்தான் செய்தேன். அவர் விரல்நுனி காய்ந்துபோனது. ஸ்மார்ட்போனில் நாலு தடவை தட்டினால் ஒரு தடவைதான் எடுக்கும்.

சுவரில் மாட்டும்போது ஒயர் மேல்பக்கமாக வரவேண்டி இருந்ததால் பெட்டியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியதாயிற்று. நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். படம் நேராக வந்துவிட்டது. ‘ஆச்சு’ என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மொட்டைமாடியிலிருந்து படிக்கட்டு வரை ஈரம். “‘ஓடு’ன்னு அமுக்கினா ஒண்ணும் ஆகலை. ‘நிறுத்து’ன்னு அமுக்கினா ஓடுதுடா. அமுக்க அமுக்க ஓடுது. மெயினை அணைச்சுட்டு உக்காந்திருக்கேன்” என்றார் அம்மா.

அவர் சொன்னது அட்சரசுத்தமாக உண்மை. நான் திருப்பியது படத்தை மட்டும். தொடுவதை உணரும் பகுதி பழைய திசையிலேயே இருந்தது. இந்த மாதிரி மலிவான திரையில் இரண்டு தனித்தனி சிப்கள் உண்டு. ஐஎல்ஐ9341 படத்தை வரைகிறது. எக்ஸ்பிடி2046 விரலைக் கவனிக்கிறது. ஒன்றுக்கொன்று அறிமுகமே கிடையாது. இரண்டையும் சேர்த்து வைப்பது நாம் எழுதும் நிரல்தான். பத்தொன்பது வருடமாக மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது உறைக்கவில்லையே என்ற வெட்கத்தில்தான் தொடுதிரையின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபிறகு வெட்கம் கொஞ்சம் குறைந்தது. காட்டுவதும் தொடுவதும் பிறந்ததே தனித்தனியாகத்தான்!

முதலில் இங்கிலாந்து. மால்வெர்ன் என்ற ஊரில் இருந்த ராயல் ரேடார் நிலையத்தில் வேலை பார்த்தவர் இ. ஏ. ஜான்சன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், திரையில் தெரியும் விமானங்களைப் பற்றிக் கணினிக்குச் சொல்ல விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். கண் ஓரிடம், கை ஓரிடம். திரையின் முகப்பிலேயே மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, விரல் பட்டால் மின்தேக்கத் திறன் மாறுவதைக் கண்டுபிடிக்கலாம் என்றார் ஜான்சன். 1965-இல் எலக்ட்ரானிக்ஸ் லெட்டர்ஸ் இதழில் சின்னக் கட்டுரையாக எழுதினார். 1967-இல் விரிவாக இன்னொன்று வந்தது. தொடுதிரையைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் பலரும் பல பெயர் சொல்வார்கள். விரலால் தொடும் கணினித் திரை என்று வைத்துக்கொண்டால் ஜான்சனைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

அடுத்து 1972. அந்த ஒரே வருடத்தில் இரண்டு இடங்களில் இரண்டு விதமான விடைகள்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் குழுவினர் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி முறையை நடத்தி வந்தார்கள். அதன் நான்காம் தலைமுறை முனையத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை. அதைச் சுற்றி ஒரு சட்டம். சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். விரல் எந்தக் கதிர்களை மறிக்கிறதோ, அதுதான் தொட்ட இடம். குறுக்கே 16, நெடுக்கே 16, ஆக 256 கட்டங்கள். திரைக்குத் தொடுவதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எல்லாம் சட்டத்தின் வேலை.

இன்னொன்று ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகம். அங்கே எஸ்பிஎஸ் என்ற 7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய முறைப்படி கட்டுப்பாட்டு அறை அமைத்தால் ஆயிரக்கணக்கில் பொத்தான்களும் திருகுகளும் வேண்டும். ஃபிராங்க் பெக் இதற்கு வழி தேட, பென்ட் ஸ்டும்பே 1972 மார்ச் 11 அன்று கையால் எழுதிய ஒரு குறிப்பில் யோசனை சொன்னார். கண்ணாடியில் செம்புப் படலம் பூசி, அதில் 80 மைக்ரோமீட்டர் கோடுகளாக அரித்து மின்தேக்கிகள் செய்வது. கோடு அவ்வளவு மெலிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, பின்னால் இருக்கும் திரை தெரியும். மொத்தம் 16 பொத்தான்கள். இடம் மாறாது, ஆனால் பெயர் மாறும். இப்போது என்ன வேலையோ அதற்குரிய பெயர்களைக் கணினி பின்னால் எழுதிக் காட்டும். 1976-இல் எஸ்பிஎஸ் இயங்கத் தொடங்கியபோது கட்டுப்பாட்டு அறையில் இந்தத் திரைகள் இருந்தன. டபிள்யூ, இசட் துகள்கள் 1983-இல் கண்டறியப்பட்டது அதே வளையத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். என் 2.8 அங்குலத் திரையை 4-க்கு 4 என்று பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் அகலம், 11 மில்லிமீட்டர் உயரம். ஒரு விரல்நுனி உட்கார அளவாக இருக்கிறது. முடுக்கியை ஓட்டப் போதுமாக இருந்த பொத்தான்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன!

சரி, இதெல்லாம் பெரியப்பா, சித்தப்பா வழி. நம்ம கையில் இருக்கும் மலிவுத் திரையின் நேரடிப் பாட்டன் வேறொருவர்.

சாமுவேல் ஹர்ஸ்ட் ஓர் இயற்பியலாளர். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்திலிருந்து விடுப்பில் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தார். சோதனைகளின் முடிவுகள் எல்லாம் நீளநீளமான வரைபடச் சுருள்களாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு புள்ளியாக அளந்து எண்ணாக மாற்ற மாணவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அவர் மின்சாரம் கடத்தும் காகிதத்தை எடுத்து அதன் குறுக்கே மின்னழுத்தம் கொடுத்தார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகப் போக அழுத்தம் படிப்படியாகக் குறையும். எந்த இடத்தில் தொடுகிறோமோ அந்த இடத்து அழுத்தமே அந்த இடத்தின் முகவரி. இதற்கு எலோகிராஃப் என்று பெயர் வைத்து, 1971-இல் எலோகிராஃபிக்ஸ் என்ற கம்பெனியும் தொடங்கினார்கள்.

கவனிக்க வேண்டியது, அந்த எலோகிராஃப் ஒளி ஊடுருவாதது. பின்னால் திரை இல்லை. காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத தொடுபலகை அது. கண்ணாடி போல ஊடுபார்க்கக்கூடிய வடிவம் 1974-இல்தான் வந்தது. அதன்பிறகுதான் அதைத் திரைமேல் ஒட்ட முடிந்தது. ‘ஹர்ஸ்ட் 1971-இல் தொடுதிரை செய்தார்’ என்று இணையத்தில் பல இடங்களில் படிக்கலாம். அந்த மூன்று வருட இடைவெளியை அது விழுங்கிவிடுகிறது.

இன்றைக்கு நம் மேஜையில் இருப்பதும் அதே தத்துவம்தான். மேலே வளையும் பிளாஸ்டிக், கீழே கண்ணாடி. இரண்டின் உள்பக்கத்திலும் இண்டியம் டின் ஆக்ஸைடு பூச்சு. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பொடிப்பொடிப் புள்ளிகள். அழுத்தினால் மேலடுக்கு கீழடுக்கைத் தொடும். ஒரு அடுக்கின் குறுக்கே மின்னழுத்தம் கொடுத்து மற்றதில் அளந்தால் இட வலம் தெரியும். மாற்றிக் கொடுத்தால் மேல் கீழ் தெரியும். சிப் அதை 0 முதல் 4095 வரையுள்ள ஒரு எண்ணாகத் தரும். ஓரத்தில் தொட்டால் சரியாக 0 வராது, இருநூறு முந்நூறு என்று வரும். ஒவ்வொரு திரைக்கும் அது கொஞ்சம் மாறும்.

பாம் பைலட் 1996-இல் இந்த வகைத் திரையைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது. 2004-இல் நிண்டெண்டோ டிஎஸ் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது. அந்த டிஎஸ்ஸின் உதிரித் திரையைத்தான் அன்றைய பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் தனியாக விற்றன. நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த ஆரம்பகாலத் தொடுபலகை அது. காட்டும் திரை இல்லாமல், எலோகிராஃப் மாதிரியே! 2007-இல் ஐபோன் வந்தபின் போன்கள் மின்தேக்க வகைக்குப் போய்விட்டன. ராஸ்பெரி பையின் 7 அங்குல அதிகாரபூர்வத் திரையும் (2015) அந்த வகைதான். அழுத்தும் வகை நமக்கென்று மலிவாகத் தங்கிவிட்டது.

என் பிழைக்கு வருகிறேன். திரும்பிய, விரிந்த, நகர்ந்த திரைகளையெல்லாம் சரிசெய்ய ஒரு பழைய கணக்கு இருக்கிறது. திரையில் மூன்று இடங்களில் சிலுவைக் குறி காட்டி, அவற்றைத் தொடச் சொல்லவேண்டும். இட வலத்துக்கு மூன்று மாறிலி, மேல் கீழுக்கு மூன்று மாறிலி. ஆறு தெரியாதவை, ஆறு சமன்பாடுகள். பத்தாம் வகுப்பில் போட்ட கணக்குதான். கிடைத்த ஆறு எண்களைச் சேமித்துக்கொண்டால் கண் காணும் இடமும் விரல் படும் இடமும் ஒன்றாகிவிடும். படத்தை எப்போது திருப்பினாலும் இதைத் திரும்பச் செய்யவேண்டும்.

இந்தத் தடவை நான் தொடவில்லை. பெட்டியைச் சுவரில் மாட்டிய பிறகு, அம்மாவையே மூன்று குறிகளையும் தொடச் சொன்னேன். அவர் விரலால் தொடுவதில்லை, நகத்தால் அழுத்துகிறார் என்று அப்போதுதான் கவனித்தேன். இந்த வகைத் திரைக்கு அழுத்தம் போதும், விரலா நகமா என்று அது பார்ப்பதில்லை. கூடவே ரிலேவுக்கு ஒரு கால வரம்பும் வைத்தேன். யார் என்ன அமுக்கினாலும் 40 நிமிடத்துக்கு மேல் மோட்டார் ஓடாது.

“இப்ப ‘நிறுத்து’ன்னா நிக்குமா?” என்று கேட்டார்.

அவரையே அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். நின்றது. ஆனாலும் மெயின் சுவிட்ச் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.