தன்னார்வப் பயிற்சியாளரும் பெண்பிள்ளைகளின் ஓட்டமும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஆய்வுச்சுருக்கம்

ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை ஓட்டப் பயிற்சிக்குக் கொண்டுவருவதில் ஊதியம் கருதாத பயிற்சியாளர் ஆற்றும் பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது. பெண் குழந்தையின் உயிர்ப்பாதுகாப்பே அரசின் கவலையாக இருந்த சேலம், நாமக்கல் சமவெளி இதற்குக் களப்பின்னணியாகக் கொள்ளப்படுகிறது. மதுரை வீ. ரேவதி, புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் ஆகியோரின் வாழ்வு சான்றுகளாகின்றன. பயிற்சியாளர் முதலில் அளிப்பது நுட்பமன்று, குடும்பத்திற்கான பொறுப்புறுதியே என்பதும், அப்பொறுப்புறுதி தனிமனிதரைவிட்டு அமைப்பிற்கு மாற வேண்டும் என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தடகளம், தன்னார்வப் பயிற்சி, பெண்கல்வி, சேலம், நாமக்கல், விளையாட்டு ஒதுக்கீடு.

முன்னுரை

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட சமவெளி, விசைத்தறி, ஜவ்வரிசி ஆலை, கோழிப்பண்ணை, லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை ஆகியவற்றால் அறியப்படுவது. நாமக்கல் 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கிவருகிறது. அதற்கு முன்பு வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே, 1990களின் தொடக்கம் வரை இரண்டிற்கும் உரிய சமூக வரலாறு ஒன்றேயாகும்.

அவ்வரலாற்றில் பெண் குழந்தை பற்றிய பகுதி கசப்பானது. பெண்சிசுக்கொலையைத் தடுக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. கருவிலேயே பாலினம் அறியும் முறை பரவியபின் சிக்கல் உருமாறித் தொடர்ந்தது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதிற்குட்பட்டோருள் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011இல் இவ்வெண் 910ஐக் கடந்தது.

1992இல் பிறந்து பிழைத்த ஒரு பெண் குழந்தை 2006இல் பதினான்கு வயதை எட்டியிருப்பாள். உயிருடன் இருக்கும் உரிமை அவளுக்குக் கிடைத்தது. பொதுவெளியில் ஓடும் உரிமை கிடைத்ததா என்பது அடுத்த வினா. அவ்வினாவிற்கு விடை தேடும்போது பயிற்சியாளர் என்னும் மனிதர் முன்னே வருகிறார்.

சமவெளியின் இரு முன்மாதிரிகள்

கைம்மாறு கருதாமல் இளையோரை வளர்த்துவிடும் மரபு இப்பகுதிக்குப் புதிதன்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடிவந்த த. நடராஜனை அடையாளங்கண்டு வளர்த்தவர் அவ்வூர்க்காரரான ஜெயப்பிரகாஷ். நன்றி மறவாத நடராஜன், தம் ஆட்டச்சட்டையில் அவர் பெயரின் முதலெழுத்துகளை இணைத்து ‘ஜேபி நட்டு’ எனப் பொறித்துக்கொண்டார். 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடிய அவர், பின்னர்த் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கென மைதானம் அமைத்தார். அதே மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை விளையாட்டிற்குத் திருப்பியவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன், தொடர்ந்து டோக்கியோவிலும் பாரிஸிலும் பதக்கம் பெற்றார்.

இவ்விரு சான்றுகளும் ஆண்பிள்ளைகளைப் பற்றியவை என்பது கருதத்தக்கது. ஊர்ப்பொது நிலத்தில் மாலைப்பொழுதில் பந்தாட ஆண்பிள்ளைக்கு எவர் ஒப்புதலும் வேண்டுவதில்லை. அங்கே பயிற்சியாளர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டெடுக்கிறார். பெண்பிள்ளையோ பருவமெய்தியபின் அந்நிலத்தைவிட்டு விலக்கப்படுகிறாள். அவளைக் கண்டெடுப்பதற்கு முன் அவள் மைதானத்திற்கு வந்தாக வேண்டும். எனவே, பெண்பிள்ளையின் பயிற்சியாளருக்கு முதற்பணி வேறாகிறது.

வாசற்படியில் தொடங்கும் பயிற்சி

அம்முதற்பணி யாதென்பதை மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த வீ. ரேவதியின் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த ரேவதியையும் அவர் தங்கையையும் கூலி வேலை செய்து வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி. பள்ளிப் போட்டியொன்றில் வெறுங்காலுடன் ஓடிய ரேவதியைக் கண்ட பயிற்சியாளர் கே. கண்ணன், பாட்டியின் இசைவைப் பெற முயன்றார். பாட்டி முதலில் மறுத்தார். கண்ணன் விடாமல் எடுத்துரைத்து இசையவைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் படிப்பிற்கும் விடுதிக்கும் அவர் வழிசெய்தார். காலணி வாங்க இயலாத நிலையில் ரேவதி 2016இல் தேசிய இளையோர் போட்டியிலும் வெறுங்காலுடனேயே ஓடினார். 2021 சூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 நொடியில் கடந்து, டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் இடம்பெற்றார்.

கண்ணன் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர். ஆகவே அவரை முழுமையான தன்னார்வலர் எனக் கூற இயலாது. ஆயினும், பாட்டியின் வாசலுக்குச் சென்று பேசியதும் கல்லூரியில் இடம் தேடியதும் ஊதியத்திற்குள் அடங்கும் கடமைகள் அல்ல. அவர் அப்பாட்டியிடம் அளித்தது ஓட்ட நுட்பமன்று. ‘பிள்ளைக்கு நான் பொறுப்பு’ என்னும் உறுதியே ஆகும். ஓடுதளத்தின் முதல் பயிற்சி வீட்டு வாசற்படியில் நிகழ்ந்தது எனலாம்.

ஓடியவர் பயிற்றுநராதல்

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அதன்பின் அவர் தம் மாவட்டத்திலேயே ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கலானார். அவர் வகித்த அரசுப் பயிற்சியாளர் பணி தற்காலிகமானது. அது நிலைக்காத நிலையில் மீண்டும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. பின்னர்ப் பெங்களூருவில் பயிற்றுநர் பட்டயம் பெற்று, 2016இல் நிலையான பயிற்சியாளர் பணியை அடைந்தார்.

இவ்வரலாறு இரு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, பெண்ணுடலை ஐயுறும் விளையாட்டு நிருவாகத்தால் புண்பட்டவரே பிறர் பிள்ளைகளுக்கு நம்பிக்கையூட்டும் பயிற்றுநரானார். இரண்டாவது, பயிற்றுநரின் வாழ்வே உறுதியற்றிருக்கும்போது அவர் தொடங்கிய பயிற்சியும் உறுதியற்றதாகிறது. தன்னார்வத்தைப் போற்றிப் பேசுவோர் இவ்விரண்டாம் செய்தியைப் பெரும்பாலும் கவனத்திற் கொள்வதில்லை.

உலக வரலாற்றில் இதன் இடம்

பெண்ணால் நெடுந்தொலைவு ஓட இயலாது என்னும் எண்ணம் தமிழ்ச் சமூகத்திற்கு மட்டும் உரியதன்று. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முதலாக நடத்தப்பட்டது. செருமனியின் லீனா ராட்கே வென்றார். ஓடியோர் களைத்து வீழ்ந்தனர் எனச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. விளைவாக, அவ்வோட்டம் 1960 ரோம் ஒலிம்பிக் வரை நீக்கப்பட்டிருந்தது. சாந்தி 2006இல் ஓடியதும் அதே 800 மீட்டர்தான்.

இந்தியாவில், ஓ. எம். நம்பியாரிடம் பயின்ற பி. டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அதன்பின், தன் மகளும் ஓடலாம் என்று எண்ணும் துணிவு எளிய குடும்பங்களுக்கு உண்டாயிற்று. 2002இல் உஷாவே கேரளத்தில் பெண்களுக்கென ஓட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

இதற்கு மாறான ஒரு வழி அமெரிக்காவில் உருவாயிற்று. வட கரோலினாவின் சார்லட் நகரில் மாலி பார்க்கர் 1996இல் பதின்மூன்று சிறுமியரைக்கொண்டு தொடங்கிய ‘கேர்ள்ஸ் ஆன் த ரன்’ திட்டத்தில் பயிற்றுநர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் தடகளம் கற்றவராக இருக்க வேண்டுவதில்லை. பருவ இறுதியில் சிறுமியர் அனைவரும் ஐந்து கிலோமீட்டர் தொலைவைக் கடப்பதே இலக்கு. பதக்கம் அதன் நோக்கமன்று. ஒரே பெரிய ஆளுமையின் தோளில் நில்லாமல், சாதாரண மனிதர் பலரிடையே பொறுப்பைப் பகிர்ந்தளித்ததே அத்திட்டத்தின் தனித்தன்மை.

வேலைவாய்ப்பு என்னும் நியாயம்

தமிழ்நாட்டுச் சூழலில் பதக்க நோக்கத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. இரயில்வேயும் காவல்துறையும் வீரர்களைப் பணியமர்த்துகின்றன. ரேவதிக்கும் தென்னக இரயில்வேயில் பணி கிடைத்தது. கூலிக் குடும்பத்திற்குப் பெண்ணின் ஓட்டம் பொருளுடையதாவது இவ்வழியில்தான். பயிற்சியாளர் பெற்றோரிடம் பேசும்போது துணைநிற்கும் வலுவான வாதமும் இதுவே. ஆனால் வேலைக்கு இட்டுச்செல்லும் வேகம் ஒரு சிலருக்கே வாய்க்கிறது. மெதுவாக ஓடும் பிள்ளைக்கு இவ்வாதம் இடமளிப்பதில்லை. மைதானத்தின் பயன் வேகமானவளுக்கு மட்டுமே உரியதெனில், பருவமெய்தியபின் விலக்கப்படும் பெரும்பாலானோர் விலக்கப்பட்டே இருப்பர்.

நம்பிக்கையும் காவலும்

தனிமனிதர்மீது வைக்கும் நம்பிக்கைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. விடியற்காலைப் பயிற்சி, வெளியூர்ப் பயணம், உடல்சார்ந்த அறிவுரை எனப் பயிற்றுநருக்கும் மாணவிக்கும் இடையிலான உறவு மேற்பார்வைக்கு எட்டாத இடங்களில் நிகழ்கிறது. 2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் மாணவியின் புகாரின்பேரில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டது இதனை வெளிக்கொணர்ந்தது. இத்தகைய செய்தி ஒன்று வெளிவரும்போது இழப்பு அம்மைதானத்தோடு நிற்பதில்லை. மகளை அனுப்பத் தயங்கும் ஒவ்வொரு வீட்டிற்கும் அது மறுப்பதற்கான காரணமாகிறது. நேர்மையான பயிற்றுநர் வாசற்படியில் அளிக்கும் உறுதிமொழியும் அதனால் மதிப்பிழக்கிறது.

ஆகவே, பெண் பயிற்றுநர் ஒருவரேனும் உடனிருத்தல், பெற்றோர் எந்நேரமும் வந்து காணும் உரிமை, பள்ளி வழியாகவே பயணம் ஏற்பாடு செய்தல் ஆகியன தன்னார்வலரை ஐயுறும் கட்டுப்பாடுகள் அல்ல. அவருடைய உறுதிமொழிக்கு வலுச்சேர்க்கும் துணைகளே.

முடிவுரை

சேலம், நாமக்கல் சமவெளியில் பெண்பிள்ளையின் வரலாறு தொட்டிலில் இருந்து ஓடுதளம் நோக்கி நகரும் வரலாறாக அமைய வேண்டுமெனில், இரு மரபுகள் இணைய வேண்டும். சின்னப்பம்பட்டியும் பெரியவடகம்பட்டியும் காட்டும், கைம்மாறு கருதாத ஊர்ப்பயிற்சி மரபு ஒன்று. சக்கிமங்கலம் காட்டும், குடும்பத்திடம் பொறுப்பேற்கும் மரபு மற்றொன்று. இவ்விணைப்பை ஒருவரது ஈகத்திற்கு மட்டும் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சாந்தியின் செங்கல் சூளை ஆண்டுகளே சான்று. பயிற்றுநருக்கு நிலையான வாழ்வும், மாணவிக்கு மேற்பார்வையுள்ள மைதானமும், மெதுவாக ஓடுபவளுக்கும் ஓர் இடமும் அமையும்போதே தன்னார்வம் ஓர் அமைப்பாக நிலைபெறும். பெண் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியதைக் கணக்கெடுப்பு காட்டிவிட்டது. அவர்கள் ஓடுவதற்கு ஊர் இடம்விட்டதா என்பதை இனி ஊரகப் பள்ளி மைதானங்களே காட்ட வேண்டும்.